ஸ்கேன் காட்டிய இடத்தில் ஒன்றுமில்லை

மலத்தோடு ரத்தம் போனால் மூலம்தான் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு, மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்து வைத்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் நான்கு மாதம் அப்படித்தான் இருந்தேன். என் அப்பா இரண்டு வருடம் அப்படி இருந்தார். அவருக்கு அது மூலம் இல்லை, பெருங்குடலில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது கல்லீரல் வரை போயிருந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. நாற்பத்தேழு அவருக்கு வரவே இல்லை.

எனக்கு இப்போது முப்பத்திரண்டு. என் மகள் தாரணிக்கு நான்கு. நான் கணிதத்தில் பட்டம் பெற்றவள். கல்யாணத்துக்கு முன்னால் வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் இரண்டு வருடம் பாடம் எடுத்தேன். இவ்வளவு படித்தும், அப்பாவைக் கண்ணால் பார்த்தும், ஏன் நான்கு மாதம் சும்மா இருந்தாய் என்று கேட்பீர்கள். மருத்துவரிடம் போனால் தெரிந்துவிடும் என்ற பயம்தான். தெரியாத வரைக்கும் அது மூலம்.

ஒரு நாள் காலையில் தாரணி கழிவறைக்குள் எனக்குப் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, சேப்பு" என்றாள். நான் தண்ணீரை ஊற்றினேன். அவள் நேராகப் போய்த் தன் அப்பாவிடம் சொன்னாள். அப்படித்தான் என் கணவருக்குத் தெரிந்தது.

அவர் பட்டுச் சேலைக் கடையில் வேலை செய்கிறார். கோபப்படத் தெரியாதவர். அன்று மட்டும் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார். "எத்தினி நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

"நாலு மாசம்" என்று ஒரு முறை திருப்பிச் சொன்னார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார்.

குடல் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் சென்னையிலிருந்து எங்கள் ஊர் மருத்துவமனைக்கு வருவார். சின்ன வயசுக்காரர். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தவர், "வீட்ல வேற யாருக்காவது குடல்ல பிரச்சினை இருந்ததா?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். பெருங்குடலின் உள்சுவரில் சிலருக்கு மரு மாதிரி ஒரு சதை வளரும். பாலிப் என்கிறார்கள். பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாது. ஆனால் சில, பல வருடங்கள் கழித்து, புற்றாக மாறும். மாறுவதற்கு முன் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. அதைப் பார்க்க இரண்டு வழி. ஒன்று கொலோனோஸ்கோபி. நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டு, பெருங்குடல் முழுவதையும் உள்ளிருந்தே பார்ப்பது. பார்க்கும்போதே வளர்ச்சி இருந்தால் வெட்டியும் எடுத்துவிடலாம். இன்னொன்று சி.டி. ஸ்கேன். குடலைக் காற்றால் ஊதி, வெளியிலிருந்து படமெடுத்து, கம்ப்யூட்டரில் உள்பக்கத்தைக் கட்டிக் காட்டுவது. மயக்க ஊசி இல்லை, பெரிய குழாய் இல்லை. ஆனால் படம்தான் எடுக்கலாம், வளர்ச்சியை எடுக்க முடியாது.

"ஸ்கேன்ல தெரியாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இதைக் கேக்காதவங்களே இல்ல" என்று சிரித்தார். "தெரியும். பெருசா, உருண்டையா இருந்தா நல்லாவே தெரியும். சின்னது, இல்லன்னா தட்டையா சுவரோட ஒட்டி இருக்கிறது தப்பிக்கலாம். எதாவது தெரிஞ்சா மறுபடி ட்யூப் போட்டே ஆகணும். ரத்தம் வேற போகுது, அப்பாவுக்கும் இருந்திருக்கு. என்னைக் கேட்டா நேரா ட்யூப்தான்."

அவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நான் ஸ்கேன் என்றேன். வெட்கம் ஒரு காரணம். உள்ளே ஓட்டை விழுந்துவிடும் என்று எங்கோ படித்தது ஒரு காரணம். அது மிக அரிதாகத்தான் நடக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். சரியான காரணம் வேறு. ஸ்கேன் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது என் கணவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார். கடைக்கு நெசவாளர்கள் கொண்டுவரும் சேலைகளில் குறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவர் வேலை. "கவி, சேலைய வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா ஓட்டை தெரியும், கறை தெரியும். ஆனா ஒரு இழை லேசா தூக்கிக்கினு இருந்தா கை வெச்சுத் தடவினாத்தான் தெரியும்" என்றார்.

"அப்ப ட்யூப் போட்டுக்கோன்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலமா. உன் உடம்பு. நீ படிச்சவ."

அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர். அப்படியே சின்ன காஞ்சிபுரம் வந்துவிட்டது.

*

ஸ்கேனோ ட்யூபோ, எதுவானாலும் முதலில் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள். இரண்டு நாள் நார் இல்லாத சாப்பாடு: வெள்ளைச் சோறு, தயிர், சட்னி சாம்பார் தொடாமல் இட்லி. கீரை, பழம், மிளகு, சீரகம், கடுகு, விதையுள்ள எதுவும் கூடாது. முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு தெளிந்த நீர் மட்டும். கழிவு ஏதாவது மிச்சமிருந்தால் அது படத்தில் தனியாகத் தெரிவதற்காக ஒரு மருந்தையும் அன்று மதியமே குடிக்கச் சொன்னார்கள். சாயம் மாதிரி. மிச்சத்தின் மேல் அது ஏறிவிடும், சதையின் மேல் ஏறாது. அந்தத் தாளை நான்தான் அத்தைக்கு, என் மாமியாருக்கு, உரக்கப் படித்துக் காட்டினேன்.

முந்தைய நாள் சாயங்காலம் அத்தை பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். மடப்பள்ளியில் தெரிந்தவரிடம் சொல்லிவைத்து, கோயில் இட்லி வாங்கி வந்திருந்தார். எங்கள் ஊர்க் கோயில் இட்லி வெள்ளை இட்லி இல்லை. மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப் போட்டு, நெய் விட்டு, பெரிதாக வேகவைத்து வெட்டித் தருவது. இலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது மிளகு கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது.

"நாளைக்கு நல்லபடியா முடியணும்னு நேர்ந்துக்கினு வந்திருக்கேன்மா. ஒரு வாய் போட்டுக்கோ."

"சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்குது அத்தை."

"இட்லி சாப்பிடலாம்னு நீதான படிச்சுக் காட்டின?"

"அது வேற இட்லி. அதுவும் மத்தியானம் வரைக்கும்தான்."

"பெருமாள் பிரசாதத்துக்கு மத்தியானம் என்னா, சாயங்காலம் என்னா? வந்ததை வேணாம்னு சொன்னாத்தான்மா தோஷம்."

அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். பிரசாதத்துக்கு நீட்டிய கையைக் காக்கவைத்து எனக்குப் பழக்கமில்லை. ஒரு வாய் போட்டுக்கொண்டேன். பிறகு, அத்தை விளக்கேற்றப் போன பிறகு, மீதியையும் தின்றேன். அதைப் பக்தி என்று சொல்ல மாட்டேன். பசி. இரண்டு நாளாக உப்புச் சப்பில்லாத தயிர்ச் சோறு. அந்த மிளகுக் காரம் நாக்கில் பட்டபோது எனக்கு எதுவுமே இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு, குடலைக் கழுவ அவர்கள் கொடுத்திருந்த பேதிப் பொடியைக் கரைத்துக் குடித்தேன். இரண்டு லிட்டர். எலுமிச்சை வாசனை போட்ட உப்புத் தண்ணீர். தாரணி பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஜூஸ்" என்று அழுதாள். ஐந்தாவது தம்ளருக்குப் பிறகு நான் கழிவறையிலேயே இருந்தேன். கடைசியில் தண்ணீராகத்தான் போனது. இவ்வளவு போன பிறகு ஒரு துண்டு இட்லியா மிச்சமிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்கேன் அறையில் இருந்த பெண் முதலில், கர்ப்பமில்லை என்று கையெழுத்து வாங்கினாள். பிறகு கேட்டாள். "நேத்து மத்தியானத்துக்கு மேல என்ன சாப்பிட்டீங்க மேடம்?"

அத்தை என் பக்கத்தில் நின்றார்.

"இளநீர்" என்றேன். "அப்புறம் அந்த மருந்துத் தண்ணி."

விரல் நீளத்துக்கு ஒரு குழாயை வைத்துக் காற்றை உள்ளே விட்டார்கள். வயிறு உப்பி, வாயுப் பிடித்த மாதிரி ஒரு வலி. மல்லாந்து ஒரு முறை, குப்புறப் படுத்து ஒரு முறை. "மூச்ச இழுத்துப் புடிங்க. விடுங்க." கால் மணி நேரத்தில் முடிந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.

*

அறிக்கையில் நிறைய எழுதியிருந்தார்கள். எனக்குச் சில வரிகள்தான் கண்ணில் பட்டன. இடப்பக்கம், கீழ்க்குடலில், எட்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு மேடு. இரண்டு நிலையில் படுத்தும் நகரவில்லை. வளர்ச்சியாகவும் இருக்கலாம், கழிவின் மிச்சமாகவும் இருக்கலாம். மற்ற இடங்களில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை.

"உள்ள பாத்துடலாம்" என்றார் மருத்துவர். அடுத்த வாரத்தில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அவரிடம் நான் இட்லியைப் பற்றிச் சொல்லவில்லை. பொய் சொன்னவள் என்று நினைப்பாரே என்று இருந்தது. வெளியே வந்து, பழச்சாறுக் கடையில் உட்கார்ந்து, என் கணவரிடம் சொன்னேன்.

அவர் கண்ணில் அத்தனை நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது. "மிளகா? அட, அது மிளகுமா!" என்று கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அங்கிருந்தே வாலாஜாபாத்துக்கு என் அண்ணனுக்கு போன் செய்தார்.

"ஏய் கவி," என்றான் அண்ணன், "மிளகப் புடிக்கறதுக்குப் போய் ட்யூப் போடப் போறாங்களா? உன் நாக்க அடக்கத் தெரியல, டாக்டர வேலை வாங்குற."

நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். குறித்த நாளுக்கு முதல் நாள் மருத்துவமனைக்கு போன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். தாரணி அப்போது கட்டில் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வைகாசி வந்தது. கருட சேவைக்கு வீடு நிறைய விருந்தாளிகள். பிறகு தாரணியை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் அலைச்சல். ரத்தம் சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை. வந்த நாளில் மூலம் என்றேன். ஸ்கேன் நினைவு வந்தபோது மிளகு என்றேன். அந்த மூன்றரை மாதத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பயம் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து அடைத்தது போல இருந்தது. சமைத்தேன், தலை பின்னிவிட்டேன், வீட்டுப்பாடம் எழுதவைத்தேன். யாராவது தொட்டால் சற்றுத் தாமதித்துத்தான் திரும்பினேன்.

ஒரு மத்தியானம் தாரணியின் பையை அடுக்கும்போது அவளுடைய சின்ன அளவுகோல் கையில் வந்தது. என்ன நினைத்தேன் என்று தெரியாது. சமையலறைக்குப் போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரு மிளகை எடுத்து அளவுகோலின் மேல் வைத்தேன். ஐந்து மில்லிமீட்டர் கூட இல்லை. இன்னொன்று வைத்தேன். பத்து மிளகு வைத்துப் பார்த்தேன். ஊறினால் பெருக்கும் என்று தோன்றியது. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டு, சாயங்காலம் எடுத்து அளந்தேன். ஆறு. இருப்பதிலேயே பெரியதும் ஆறுதான். அதுவும் கோயில் இட்லியில் போடுவது முழு மிளகு இல்லை, தட்டிய மிளகு.

இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். மேலே இட்லி மாவு ஒட்டியிருந்திருக்கலாம். எல்லாம் யோசித்தேன். பள்ளியில் ஒரு பிள்ளை விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி கணக்குப் போட்டால் நான் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன். மிளகைக் கொட்டிவிட்டு மருத்துவமனைக்கு போன் செய்தேன்.

*

மருத்துவரிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி, இளநீர் என்று சொன்ன பொய், வராத காய்ச்சல். மிளகை அளந்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் சிறிது நேரம் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் கழிச்சு, மறுபடி சுத்தம் பண்ணிட்டு எடுத்திருப்பாங்க. சாயமருந்து குடிச்சதுக்கு அப்புறம் சாப்பிட்டா அது மேல சாயம் ஏறாது. படத்துல சதை மாதிரியே தெரியும்" என்றார். "சரி. அது இட்லியா இல்லையான்னு நாம ஆராய்ச்சி பண்ண வேணாம். உள்ள போய்ப் பாத்துடலாம்."

வீட்டில் என் கணவர் இதை அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார்.

"அப்ப நான் குடுத்த பிரசாதத்தாலதான் இப்படி ஆச்சுன்றியா?" என்று அத்தை என்னிடம் கேட்டார்.

"அப்படிச் சொல்லல அத்தை. நான்தான் சாப்பிட்டேன்."

"நான்தான குடுத்தேன்."

இந்த முறை பொடியைக் கரைத்துக் கொடுத்தது அத்தைதான். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தார். மத்தியானத்துக்கு மேல் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. தாரணிக்கும் அவள் அப்பாவுக்கும் வெளியில் வாங்கி வரச் சொல்லிவிட்டு, தான் மட்டும் ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடுங்கள் என்றேன். "நீ சாப்புடாம உனுக்கு எதிர்ல நான் சாப்புடறதா? சும்மா குடிமா" என்றார். ஒவ்வொரு தம்ளர் முடிந்ததும் வாங்கிக் கழுவி வைத்தார்.

காலையில் காத்திருப்பு அறையில் என் பக்கத்தில் திருப்புட்குழியிலிருந்து வந்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். தன் கணவரை உள்ளே அனுப்பிவிட்டு முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் தின்னாத என் பக்கத்தில்.

"மூலமாம்மா?"

"தெரியலமா. பாக்கணும்."

"பயப்படாத. எனக்குப் போன வருஷம் போட்டாங்க. ஊசி போட்டாங்க, வீட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டணுமேன்னு சொல்லிக்கினே இருந்தேன், எழுப்பி முடிஞ்சிச்சுன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர்தான் மூணு நாளா சாமிக்கு மேல சாமி கும்புட்டுக்கினு இருக்காரு. ஆம்பளைங்களுக்குத்தான் இதெல்லாம் பெரிய பயம்."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. உதட்டை மட்டும் அசைத்தேன்.

உள்ளே, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொன்னார்கள். கையில் ஊசி ஏறியது. திரையில் ஒரு நிமிடம் ஏதோ இளஞ்சிவப்பாக, ஈரமாக, வளையம் வளையமாகத் தெரிந்தது. அதுதான் நான் என்று நம்ப முடியவில்லை. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை. வெட்கப்படுவதற்கு நேரமே இல்லாமல் போனது. எழுந்ததும் தாரணியின் டிபன் டப்பாவுக்கு மூடியைக் காணோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். என் கணவர் சொன்னார்.

மருத்துவர் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். முதலில் இடப்பக்கம், ஸ்கேன் மேடு காட்டிய இடம். அங்கே ஒன்றும் இல்லை. சுவர் வழவழப்பாக, சுத்தமாக இருந்தது. "இங்க இருந்தது மிச்சம்தான். இட்லியோ வேற எதுவோ, இனிமே யாரும் சொல்ல முடியாது."

என் கணவர் மூச்சு விட்டார். மருத்துவர் அடுத்த படத்தை எடுத்தார்.

வலப்பக்கம், மேலே, ஒரு மடிப்பின் ஓரமாக, பாலாடை மாதிரி மெல்லியதாக ஒன்று படிந்திருந்தது. சுவரின் நிறத்தில்தான் இருந்தது. விரலால் காட்டியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. பதினைந்து மில்லிமீட்டர் அகலம், உயரமே இல்லை. ஸ்கேன் அந்தப் பக்கத்தைத்தான் குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தது. அதன் அடியில் ஊசியால் நீரை ஏற்றி மேலே தூக்கி, கம்பி வளையம் போட்டு முழுதாக எடுத்துவிட்டார்களாம். எடுத்த இடத்தை மூடச் சின்னக் கவ்விகள் போட்டிருந்தார்கள். ரத்தம் போனது இதனால் இல்லை. ஆசனவாய்க்குச் சற்று உள்ளே சாதாரண மூலம் இருந்தது. அதிலிருந்துதான்.

நான் இதைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்த்தேன். என்னைப் பயமுறுத்திய ரத்தம் வெறும் மூலம். ஸ்கேனில் எல்லோரையும் பயமுறுத்திய நிழல் வெறும் மிச்சம். பயப்பட வேண்டியது எதுவோ அது வலிக்காமல், ரத்தம் காட்டாமல், நிழல் கூட விழாமல் இன்னொரு பக்கம் இருந்தது.

ரத்தக்கசிவு வருகிறதா என்று பார்க்க ஒரு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். சாயங்காலம் தாரணி வந்தாள். தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டினாள். கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "அம்மாவுக்கு வயித்துல உவ்வா" என்றேன். அவள் என் வயிற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "மருந்து நாத்தம்" என்று சொல்லி அப்பாவிடம் போய்விட்டாள்.

*

வெட்டியெடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பயாப்ஸி முடிவுக்கு ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் நான் அழவில்லை, சாமி கும்பிடவில்லை, யாரிடமும் பேசிப் புலம்பவில்லை. அப்பாவின் கடைசி மாதங்கள் நினைவுக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் குளியலறை அலமாரியில் வைத்திருந்த களிம்பு மட்டும் நினைவுக்கு வந்தது. அடியிலிருந்து மடித்து மடித்து, கடைசிச் சொட்டு வரைக்கும் பிதுக்கிய ட்யூப்.

முடிவு இது: புற்றுநோய் இல்லை. புற்றாக மாறக்கூடிய வளர்ச்சி. அதில் ஒரு பகுதியில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, ஆனால் எல்லையைத் தாண்டவில்லை. வெட்டிய ஓரங்கள் சுத்தம்.

"விட்டிருந்தா?" என்று என் கணவர் கேட்டார்.

"சில வருஷம் ஆகியிருக்கும். எத்தனைன்னு சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். ஒரு வருடம் கழித்து மறுபடி ட்யூப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். "அதுலயும் எல்லாம் தெரிஞ்சுடும்னு இல்ல. மடிப்புக்குப் பின்னால இருக்கிறதை ட்யூபும் தவற விடலாம். ட்யூப் போக முடியாதவங்களுக்கு, ரொம்ப வயசானவங்களுக்கு ஸ்கேன் நல்ல உதவி. உங்களுக்கு இனிமே ட்யூப்தான்." பிறகு தாரணியைப் பற்றிக் கேட்டார். அப்பாவுக்கு வந்த வயதையும் எனக்கு வந்த வயதையும் வைத்துக் கணக்குப் போட்டு, குறைந்ததிலிருந்து பத்தைக் கழித்து, இருபத்திரண்டு வயதில் அவளையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவளுக்கு இன்னும் தன் செருப்பை வலது இடது பார்த்துப் போடத் தெரியாது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "அப்ப, அந்தப் பிரசாதம் உள்ள இல்லன்னா, ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லன்னு வந்திருக்கும். நீயும் நிம்மதியா வீட்டுல இருந்திருப்ப. இல்லையா?"

"ஆமா அத்தை."

"பெருமாள்தான் கை காட்டி அனுப்பியிருக்காரு."

அவர் கணக்கில் தவறில்லை. அது பொய்யான நிழலாக இருந்தும், அதனால்தான் நான் உள்ளே போனேன். ஆனால் அதே இட்லியைச் சொல்லித்தான் மூன்றரை மாதம் போகாமலும் இருந்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்து என்னால் நன்றி சொல்லவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அன்றிலிருந்து அரை வயிறாக இருந்த அத்தை மறுபடி நன்றாகச் சாப்பிடத் தொடங்கினார். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணனையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவனுக்கு முப்பத்தேழு.

"எனக்கு ரத்தம் கித்தம் ஒண்ணும் வரல கவி. கல்லத் தின்னாலும் செரிக்குது."

"எனக்கும் அங்கேருந்து ரத்தம் வரலண்ணா."

"சரி, ஸ்கேன் வேணா எடுத்துக்கறேன்."

"வேணாம். ட்யூப்."

எந்த நாள், எத்தனை மணிக்கு என்று விசாரித்தான். பிறகு, "நீ வந்துடுவியா?" என்று கேட்டான்.

அண்ணிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. நான்தான் கூடப் போனேன். அவனுடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, அதே காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். என் முறைக்கு வராத பயம் அப்போது வந்தது. பையைத் திறந்து திறந்து அவன் கடிகாரத்தில் மணி பார்த்தேன். முக்கால் மணி நேரம். மருத்துவர் வெளியே வந்து, என்னைப் பார்த்து, கையை ஆட்டி, "சுத்தமா இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு வரட்டும்" என்றார்.

உள்ளே போனேன். அண்ணன் பாதிக் கண் திறந்து படுத்திருந்தான். வாய் உலர்ந்திருந்தது. நான் கையைப் பிடித்ததும் திரும்பினான்.

"முடிஞ்சுதா கவி?"

"முடிஞ்சுதுண்ணா."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க."

அவன் கண்ணை மூடினான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு, நாக்கு இன்னும் சரியாகப் புரளாத குரலில், "அப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லிடு. பயந்துக்கினு உக்காந்திருப்பாரு" என்றான்.

அப்பா போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது.

"சரிண்ணா, சொல்லிடறேன்" என்றேன்.